முதல் கஹோன்: ஸ்நேரைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி வாங்க வேண்டுமா?

கேள்வி, 2023 ஜூன் 10 (பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்)

கஹோன் (மேலே உட்கார்ந்து முன்பலகையைக் கையால் தட்டி வாசிக்கிற பெட்டி வாத்தியம்) வாங்கப் போகிறேன், இதுதான் முதல். கையில் பத்தாயிரம் இருக்கிறது. கடையில் இரண்டு காட்டினார்கள். ஒன்றில் ஸ்நேர், அதாவது தட்டும்போது ‘சர்’ என்று இரைகிற கம்பி, உள்ளேயே நிலையாகப் பொருத்தியிருக்கிறது, 6,500. இன்னொன்றில் ஸ்நேரைத் திருகிக் கூட்டலாம் குறைக்கலாம், 9,800. அந்த மூவாயிரத்துச் சொச்சம் அதிகமாகக் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறதா? ஸ்நேர் இல்லாவிட்டால் அது வெறும் மரப்பெட்டிதானே, அப்புறம் எதற்கு அதைக் குறைக்க வேண்டும்? வீட்டில் கிட்டாரோடு வாசிக்கவும், மாதம் இரண்டு முறை கோவில் பாடகர் குழுவுக்கும்தான்.

2023 ஜூன் 11, காலை

கொடுங்கள். அந்தப் பணத்தைக் கொடுக்க மனசில்லாமல் ஒன்றரை வருஷம் அவதிப்பட்டவன் சொல்கிறேன்.

தூத்துக்குடியில் எங்கள் பங்குக் கோவில் பாடகர் குழுவுக்காக 2019இல் முதல் கஹோன் வாங்கினேன். நிலையான ஸ்நேர். கடையில் தட்டினால் ‘சர்ர்’ என்று பளிச்சென்று விழுந்தது, ஒரு டிரம் செட்டையே பெட்டிக்குள் அடைத்து வைத்த மாதிரி இருந்தது. அன்றைக்கே வாங்கி வண்டியின் பின்னால் கயிறு போட்டுக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். முதல் ஞாயிறே விஷயம் தெரிந்தது. பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்தாயிற்று, என் இரண்டு கையும் மடியில் இருக்கிறது, கீபோர்டு வாசிக்கிறவர் மட்டும் கீழ்ஸ்தாயியில் ஒரு கட்டையை விடாமல் பிடித்திருக்கிறார், அதற்கு என் பெட்டி தானாக ‘ஸ்ஸ்ஸ்’ என்று இரைகிறது. முன்வரிசையில் இருந்த பாட்டி ஒருவர் ஃபேனில் ஏதோ கோளாறு என்று நினைத்து மேலே பார்த்தார்.

காரணம் ரொம்ப எளிது. முன்பலகை மூன்று மில்லிமீட்டர் தடிமன்தான். அதன் முதுகில் ஸ்நேர் கம்பி ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அறையில் எந்தக் கனமான கீழ்ஸ்வரம் ஒலித்தாலும் பலகை அசையும், பலகை அசைந்தால் கம்பி அதிரும். பேஸ் கிட்டார் வந்துவிட்டால் இன்னும் மோசம். நிலையான ஸ்நேரில் இதை நிறுத்த வழியே கிடையாது.

இன்னொன்று தவக்காலப் பாட்டுகள். சிலுவைப் பாதையில் மெதுவாக ஒரு பாட்டு போகும்போது, எவ்வளவு மெல்ல வாசித்தாலும் அந்த ‘சர்’ சேர்ந்து வருகிறது. கல்யாண வீட்டுக்குள் நுழைந்த மாதிரி ஆகிவிடும். அந்த வருஷம் பெரிய வெள்ளிக்கு நான் வாசிக்கவே இல்லை.

2023 ஜூன் 11, இரவு

காலையில் அவசரத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். ‘கூட்டிக் குறைக்கலாம்’ என்று கடையில் சொன்னால் அது மூன்று வேறு விஷயங்களில் எதுவாகவும் இருக்கலாம். எது என்று கேளுங்கள்.

முதல் வகையில் உள்ளே கிட்டார் தந்திகள் இருக்கும். பலகையின் பின்பக்கத்தோடு ஒட்டி மேலிருந்து கீழே ஓடும், சிலதில் வி வடிவத்தில் இருக்கும். பெட்டியின் அடியில் திருகு இருக்கும், ஆலன் கீ (அறுகோண முனையுள்ள சாவி) போட்டுத் திருப்ப வேண்டும். இரண்டாவது, ஸ்நேர் டிரம்மின் அடியில் பார்த்திருப்பீர்களே, அந்தச் சுருள் கம்பிகள். ஒரு கட்டையில் கோத்து உள்ளே மாட்டியிருப்பார்கள். வெளியே ஒரு பிடியோ திருகோ இருக்கும், அதைத் திருப்பினால் கட்டை பலகையை நோக்கி வரும், அல்லது விலகிப் போகும். மூன்றாவது, ஸ்நேரை முழுசாகக் கழற்றி எடுத்துவிடுகிற மாதிரி. ஜெர்மனியின் ஷ்லாக்வெர்க் இதை ‘டூ இன் ஒன்’ என்று பெயர் வைத்தே விற்கிறது. கழற்றிவிட்டால் ஸ்நேர் இல்லாத கஹோன், மாட்டினால் ஸ்நேர் உள்ளது.

தந்தி வகை கொஞ்சம் வறண்ட, மெல்லிய ஒலி. ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இசை வாசிக்கிறவர்களுக்கு அது பிடிக்கும். சுருள் கம்பி வகை டிரம் செட் மாதிரி. பாடகர் குழுவுக்கும் கிட்டாருக்கும் என்றால் இரண்டும் சரிதான். திருகைத் திருப்பினால் ஒலி கூடும், தளர்த்தினால் குறையும், அவ்வளவுதான்.

2023 ஜூன் 13

கடையில் எப்படிச் சோதிப்பது என்று கேட்டிருந்தீர்கள், தம்பி. நான் செய்கிற வரிசையில் சொல்கிறேன், இதற்கு அரை மணி நேரமாவது ஆகும், கடைக்காரர் முகத்தைப் பார்க்காதீர்கள்.

முதலில் ஸ்நேரை அணைத்துவிடச் சொல்லுங்கள். இதுதான் முக்கியம். ஸ்நேர் போட்டு வாசித்துக் காட்டினால் எந்தப் பெட்டியும் நன்றாகத்தான் கேட்கும், அந்த ‘சர்’ எல்லாக் குறையையும் மூடிவிடும். நான் 2019இல் ஏமாந்தது இங்கேதான். அணைத்துவிட்டு, பெட்டிமேல் உட்கார்ந்து, மேல் விளிம்பிலிருந்து ஒரு சாண் கீழே உள்ளங்கையோடு ஒன்று கொடுத்துக் கையை உடனே எடுங்கள். ‘தொம்’ என்று வயிற்றில் தெரிய வேண்டும். மூடிய அட்டைப்பெட்டியைத் தட்டிய மாதிரி ‘டப்’ என்று செத்து விழுந்தால் வேண்டாம்.

அப்புறம் மேல் விளிம்பு. விரல்களை மட்டும் வைத்து இடது மூலை, நடு, வலது மூலை என்று தட்டுங்கள். தொம்முக்கும் இதற்கும் இடையே நல்ல தூரம் இருக்க வேண்டும், யாராவது கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இரண்டு வாத்தியம் என்று நினைக்கிற அளவுக்கு. அந்தத் தூரம் ஸ்நேர் இல்லாமலே பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதற்குப் பிறகு ஸ்நேரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவாருங்கள். விரல் நுனியால், எறும்பு ஊர்கிற மாதிரி, மேல் விளிம்பில் தட்டிப் பாருங்கள். அவ்வளவு மெல்லிய தட்டுக்கும் கம்பி பதில் சொன்னால் நல்ல பெட்டி. ஓங்கி அறைந்தால்தான் பேசுகிறது என்றால் வீட்டில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் அதை வாசிக்க முடியாது.

கடைசியாக மறுபடி முழுசாக அணையுங்கள். ஒரு தொம். காதைப் பெட்டியோடு வைத்துக் கேளுங்கள். துளிகூட இரைச்சல் இருக்கக் கூடாது. நான் பார்த்ததில் பாதிப் பெட்டிகளில் ‘அணை’ என்பது பேருக்குத்தான், கம்பியின் ஒரு முனை எங்கேயோ உரசிக்கொண்டே இருக்கும். அப்படி இருந்தால் நீங்கள் அதிகமாகக் கொடுக்கிற 3,300க்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

2023 ஜூன் 13, கொஞ்ச நேரம் கழித்து

மோதிரத்தைக் கழற்றிவிட்டுப் போங்கள். பலகையில் தடம் விழுந்தால் கடைக்காரர் சண்டைக்கு வருவார், அவர் பக்கம் நியாயமும் இருக்கும்.

2023 ஜூன் 18

‘ஸ்நேர் இல்லாவிட்டால் வெறும் மரப்பெட்டிதானே’ என்று எழுதியிருந்தீர்கள். அது ஒரு வாரமாக மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. கோபமெல்லாம் இல்லை. ஆனால் இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும்.

கஹோன் பிறந்தது பெரு நாட்டின் கடற்கரைப் பகுதியில். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள், சரக்குப் பெட்டிகளையும் மேசை இழுப்பறைகளையும் வாத்தியமாக வாசித்ததிலிருந்து வந்தது என்பார்கள். ‘கஹோன்’ என்ற ஸ்பானியச் சொல்லுக்கே பெட்டி, இழுப்பறை என்றுதான் பொருள். முன்பலகையை ‘தாப்பா’ என்பார்கள், மூடி என்று அர்த்தம். (எங்கள் வீட்டில் கதவைச் சாத்தித் தாப்பா போடு என்பதும் இதுவும் ஒன்றில்லை, என் மகள் ஒரு மாதம் ஒன்று என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.) பெருவில் வாசிக்கிற கஹோனுக்குள் ஒன்றும் கிடையாது. தந்தி இல்லை, கம்பி இல்லை. வெறும் காற்று. லாந்தோ, ஃபெஸ்தெஹோ, மரினேரா என்ற அந்த நாட்டு ஆட்டப்பாட்டு வகைகளை எல்லாம் அந்த வெறும் பெட்டியில்தான் வாசிக்கிறார்கள். 2001இல் பெரு அரசு அதைத் தேசத்தின் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது.

ஸ்நேர் வந்த கதை பிற்பாடுதான். 1977இல் ஃபிளமெங்கோ கிட்டார் மேதை பாக்கோ தே லூசியா பெருவின் தலைநகர் லிமாவுக்குப் போனபோது அந்த ஊர்க் கலைஞர் காயித்ரோ சோத்தோ கஹோன் வாசிக்கக் கேட்டு, ஒன்றை ஸ்பெயினுக்கு எடுத்துப் போனார். அவர் குழுவில் தாள வாத்தியம் வாசித்த பிரேசில்காரர் ரூபெம் தாந்தாஸ் அதைக் கையில் எடுத்தார். ஃபிளமெங்கோவில் கைத்தட்டலும், தரையை மிதிக்கிற காலடிச் சத்தமும் கூர்மையாக இருக்கும், அதற்கு ஈடாகப் பெட்டியிலும் ஒரு கூர்மை தேவைப்பட்டது. ஸ்பெயினில் செய்தவர்கள் உள்ளே கிட்டார் தந்தியை மாட்டினார்கள். இன்றைக்குக் கடையில் நாம் கேட்கிற ‘சர்’ அங்கேயிருந்து வந்தது.

ஆகவே ஸ்நேரை அணைத்து வாசிக்கும்போது வாத்தியத்தில் எதுவும் குறைந்து போவதில்லை. அதுதான் மூல வாத்தியம். யூடியூபில் பெருவின் கலைஞர்கள் வாசிப்பதை ஒரு பத்து நிமிஷம் கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள், காது வேறு மாதிரி ஆகிவிடும்.

2023 ஜூன் 25

ஒரு திருத்தம். ஜூன் 11 இரவு, ‘திருகைத் திருப்பினால் ஒலி கூடும், தளர்த்தினால் குறையும், அவ்வளவுதான்’ என்று எழுதினேன். தப்பு. என்னுடைய பெட்டியை மடியில் கவிழ்த்து வைத்துத் திருகிப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

தந்தி வகையில், தளர்வாக இருக்கும்போதுதான் ‘சர்’ நீளம். தொம் அடித்தால் அதன் பின்னாலேயே இழுத்துக்கொண்டு வரும், குழந்தை அழுது முடித்த பிறகு விசும்புகிற மாதிரி. இறுக்க இறுக்க நீளம் குறைந்து, அடியோடு சேர்ந்து வெடுக்கென்று நிற்கும். இன்னும் இறுக்கினால் தொண்டையைப் பிடித்த மாதிரி ஒலியே அடைந்துவிடும். ரொம்பத் தளர்த்திவிட்டால் தந்தி பலகையை விட்டு விலகிச் சும்மா தொங்கும், அப்போது இரைச்சல் போகும், ஆனால் சிலதில் தொங்குகிற தந்தியே கடகடவென்று அடிக்கும். கட்டை நகரும் வகையில் நான் சொன்னது ஓரளவு சரி, பலகைக்குப் பக்கத்தில் வந்தால் கூடும், விலகினால் குறையும். ஆனால் அதிலும் பலகையை ரொம்ப அழுத்திவிட்டால் தொம்மின் வயிறு ஒட்டிப்போகிறது.

எனவே கூட்டுவது குறைப்பது என்ற வார்த்தையே பொருத்தமில்லை. தம்புராவில் ஜீவா பிடிக்கிற வேலை இது. குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் அந்தப் பஞ்சுநூலை நகர்த்திக்கொண்டே வருவார்களே, ஒரு இடம் வரைக்கும் ஒன்றும் இல்லை, ஒரு மயிரிழை நகர்ந்ததும் தந்தி முழுசாகத் திறந்து ரீங்கரிக்கும், இன்னொரு மயிரிழை போனால் மூடிக்கொள்ளும். இங்கேயும் அப்படி ஓர் இடம் இருக்கிறது. என் பெட்டியில் முழுத் தளர்விலிருந்து ஒன்றேகால் சுற்று. மழைக்காலத்தில் அது ஒன்றரை ஆகிவிடும். திருகின் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

சின்ன வயதில் மூன்று வருஷம் மிருதங்கம் கற்றேன். என் வாத்தியார் வைத்திருந்தது குச்சி மிருதங்கம், வலந்தலையில் தோலுக்கு நடுவே சின்னச் சின்னக் குச்சித் துண்டுகளைச் செருகியிருப்பார்கள். அந்த ரீங்காரம் இல்லாவிட்டால் மீட்டு என்கிற அடி உயிரில்லாமல் இருக்கும். ஒரு குச்சி விழுந்துவிட்டால் பாடம் நடத்துவதை நிறுத்திவிட்டுத் தரையில் தேடுவார். அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. பெட்டியைக் கவிழ்த்து வைத்துக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பிக்கொண்டிருந்தபோது அவர் தரையில் குனிந்து தேடியது ஞாபகம் வந்தது.

2023 ஜூலை 2

இன்னொருவர் கேட்டார்: ஆசாரியிடம் சொல்லி ஒன்று செய்துகொள்ளலாமா, கடையில் எதற்கு இவ்வளவு கொடுக்க வேண்டும்?

செய்தேன். 2020இல் ஊரடங்கு சமயம், கடையெல்லாம் பூட்டியிருந்தபோது. எங்கள் தெரு ஆசாரி நல்ல வேலைக்காரர். உயரம் 48 சென்டிமீட்டர், அகலமும் ஆழமும் 30, பக்கப் பலகைகளுக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர் பிளைவுட், பின்னால் 11 சென்டிமீட்டர் ஓட்டை. முன்பலகைக்கு அவரிடம் ஆறு மில்லிமீட்டர்தான் இருந்தது. ‘கொஞ்சம் கனமா இருந்தா ஒழைக்கும் தம்பி’ என்றார், நானும் சரி என்றேன். வாசித்தால் கதவைத் தட்டுகிற சத்தம். உட்கார அருமையான ஸ்டூல். ஒரு மாதம் கழித்து மூன்று மில்லிமீட்டர் கிடைத்து, முன்பக்கத்தை மட்டும் கழற்றி மாற்றிப் போட்டோம். அதே பெட்டி, அதே ஆணி, அதே கை. முதல் தொம்முக்கு ஆசாரியே உளியைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த அனுபவத்தில் தெரிந்தது: பக்கம் கெட்டியாக இருக்க வேண்டும், முகம் மெல்லியதாக இருக்க வேண்டும். பழைய கிட்டார் தந்திகளை உள்ளே மாட்டினேன், அதுதான் சொதப்பல். அடியில் திருகு வைக்கிற வேலை ஆசாரி வேலையில்லை, லேத்து வேலை. தந்தியை நேராக ஆணியில் கட்டிவிட்டேன், அதனால் அதுவும் நிலையான ஸ்நேராகவே ஆகிவிட்டது. செய்கிறவர்கள் ஸ்நேரே இல்லாமல் செய்யுங்கள், பெருவில் வாசிக்கிற மாதிரி. அது ஒரு நல்ல வாத்தியமாக வரும். ஸ்நேர் வேண்டும் என்றால் கடையில் வாங்குங்கள்.

2023 ஜூலை 9

மேல் மூலைகளைப் பற்றிச் சொல்லவில்லை. முன்பலகையின் மேல் இரண்டு மூலையிலும் திருகு இருக்கிறதா பாருங்கள். அதைக் கொஞ்சம் தளர்த்தினால் மூலை லேசாகத் தூக்கிக்கொள்ளும், அறைகிற அடிக்குப் பலகை சட்டத்தில் மோதிக் ‘கிளாப்’ என்று கைத்தட்டல் மாதிரி ஒலி வரும். அரைச் சுற்றுக்கு மேல் தளர்த்தாதீர்கள். நான் தளர்த்தி வைத்துவிட்டு மறந்து, விரல் சதை இடுக்கில் மாட்டி ஒரு வாரம் கட்டுப்போட்டுக்கொண்டு திரிந்தேன்.

ஒட்டிய பலகையாக இருந்தால் இதெல்லாம் முடியாது. அது தப்பில்லை, ஆனால் தெரிந்து வாங்குங்கள்.

2023 ஆகஸ்ட் 6

பாளையங்கோட்டைத் தம்பி நேற்றுக் கடையிலிருந்தே போன் செய்தார். ‘அண்ணாச்சி, போனைப் பெட்டிக்குப் பக்கத்துல வைக்கிறேன், கேளுங்க’ என்று சொல்லிவிட்டு வாசித்தார். போனில் தொம் எல்லாம் கேட்காது, தகர டப்பா மாதிரிதான் வரும். ஆனால் அவர் ஸ்நேரை அணைத்துவிட்டு வாசித்தது கேட்டது. 9,800 சொன்னதை 9,200க்கு முடித்திருக்கிறார். தந்தி வகை, அடியில் இரண்டு திருகு. ஆலன் கீயைக் கேட்டு வாங்கினீர்களா என்றேன். இல்லை. திரும்பப் போய் வாங்கிக்கொண்டு மறுபடி போன் செய்தார்.

ஆலன் கீயைக் கேட்டு வாங்குங்கள், எல்லோரும்.

2023 ஆகஸ்ட் 20

கையும் முதுகும் வலிக்கிறது என்கிறார் பாளையங்கோட்டைத் தம்பி. குனியாதீர்கள். பெட்டியின் நடுவில் உட்காராமல் பின்பக்கமாக உட்கார்ந்து, பெட்டியையே கொஞ்சம் பின்னால் சாய்த்துக்கொள்ளுங்கள், முன்கால் இரண்டும் தரையை விட்டு லேசாகத் தூக்கும். அப்போது பலகை உங்கள் கைக்கு வரும், நீங்கள் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. முதல் மாதம் ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் போதும். விரல் வீங்கினால் நிறுத்துங்கள். மிருதங்கம் வாசித்த கை என்றால் விரல்களைத் தனித்தனியாக ஓட்டத் தோன்றும், அது பிற்பாடு ரொம்ப உதவும், இப்போதைக்கு உள்ளங்கையையும் நான்கு விரலையும் மட்டும் பழக்குங்கள்.

2023 அக்டோபர் 15

கோவிலில் மைக் வைப்பது பற்றி. ஒரு மைக்தான் என்றால் பின்னால் ஓட்டைக்கு வெளியே ஒரு கையகலம் தள்ளி, நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். நேராக வைத்தால் காற்று அடித்துத் தொம் எல்லாம் ‘புஃப்’ ஆகிவிடும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு மைக் வைத்தால், மிக்ஸரில் ஒன்றுக்கு ஃபேஸ் பட்டனை அழுத்துங்கள். முன்பலகை உள்ளே போகும்போது பின் ஓட்டையில் காற்று வெளியே வருகிறது, இரண்டு மைக்கும் எதிரெதிராகக் கேட்கும், சேர்த்தால் தொம் காணாமல் போகும். எங்கள் சவுண்டுக்காரர் இதை நம்பவில்லை. பட்டனை அழுத்தியதும் திரும்பிப் பார்த்தார்.

ஸ்நேரை மைக்குக்கு ஏற்றபடி கூடுதலாக வைக்காதீர்கள். வாசிக்கிறவர் காதுக்கு அது எப்போதும் குறைவாகவே கேட்கும், கம்பி நமக்குக் கீழே முன்பக்கம் பார்த்து இருக்கிறது. யாரையாவது பத்தடி தள்ளி நின்று கேட்கச் சொல்லுங்கள். நான் எனக்குப் போதும் என்று வைக்கிற அளவு, அங்கே ஒன்றரை மடங்கு.

2023 நவம்பர் 12

துரு. இதை ஜூனிலேயே சொல்லியிருக்க வேண்டும். கடல் பக்கம் இருப்பவர்களுக்கு ஸ்நேர் கம்பி ஒரு வருஷத்தில் பழுப்பாகிவிடும். துரு ஏறிய கம்பி உடைவதற்கு முன்னால் ஒலி மாறும், ‘சர்’ என்பது ‘கர்’ ஆகும். நான் மாதத்துக்கு ஒரு தடவை டார்ச் அடித்துப் பின் ஓட்டை வழியாகப் பார்ப்பேன். தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் இரண்டு சொட்டு விட்டு, பிழிந்து, கம்பியை மட்டும் துடைப்பேன். பலகையில் எண்ணெய் பட்டால் கறை போகாது. புதுச் செருப்பு, பை இதிலெல்லாம் வருகிற சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்து வைத்து உறைக்குள் போட்டு வைக்கிறேன். வாசித்து முடித்ததும் தந்தியைத் தளர்த்தி வைக்க வேண்டியதில்லை, பென்சில் கோட்டில் அப்படியே விடுகிறேன், இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

2024 ஜனவரி 3

டிசம்பர் 17, 18. இந்தப் பக்கத்தை வாசிக்கிற வெளியூர்க்காரர்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர். வீட்டுக்குள் முழங்கால். என் பெட்டியைப் பீரோ மேலே தூக்கி வைத்தேன், அதற்குப் பக்கத்தில் ரேஷன் கார்டும் மகளின் சர்டிபிகேட்டும்.

2019இல் வாங்கிய அந்த முதல் கஹோனை ஞாயிறு மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு என்று கோவில் பின்னறையில் வைத்திருந்தேன். மூன்று நாள் தண்ணீரில் நின்றிருக்கிறது. பக்கப் பலகை மரத்தூளை அழுத்திச் செய்தது, டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி ஊதி உடைந்துவிட்டது. முன்பலகை மூன்று ஏடாகப் பிரிந்து சுருண்டு கிடந்தது. உள்ளே ஸ்நேர் கம்பி மட்டும் முழுசாக இருந்தது, சேறு பிடித்து. அதை எவ்வளவு திட்டியிருக்கிறேன். சேற்றைக் கழுவிக் காய வைத்து எடுத்து வைத்திருக்கிறேன், எதற்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது. அந்தப் பெட்டியில்தான் ஒன்பது பிள்ளைகள் தாளம் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள், அதில் ஒருத்தி இப்போது என்னைவிடச் சுத்தமாக வாசிக்கிறாள்.

பாளையங்கோட்டைத் தம்பி வீடு மாடியில், அவர் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று செய்தி அனுப்பினார். கீழ்வீட்டுச் சாமான்களையெல்லாம் மாடிக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம்.

2024 பிப்ரவரி 11

போன வாரம் அவரிடமிருந்து நாலு செய்தி வரிசையாக. ‘அண்ணாச்சி, ஸ்நேரை முழுசா தளத்திட்டேன், இரையுது.’ ‘திருகை எடுத்துட்டேன், அப்பவும் இரையுது.’ ‘மழையில பலகை பிரிஞ்சிருக்குமோ?’ ‘9,200 போச்சா?’

நேற்று பஸ் பிடித்துப் போனேன். ஒன்றரை மணி நேரம். அவர் அம்மா சொதி வைத்திருந்தார், சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தோம். தந்தியைப் பார்த்தேன், துரு இல்லை, பலகையைத் தொடவும் இல்லை. விளிம்பு முழுக்க நகத்தால் தட்டிக்கொண்டே வந்தேன், ஏடு பிரிந்த இடம் எங்கும் இல்லை. எல்லாத் திருகையும் இறுக்கினேன். கால் ரப்பர் நான்கும் சரி. ஒரு தொம் கொடுத்தேன். ‘ஸ்ஸ்ர்ர்.’ அவர் முகம் விழுந்துவிட்டது.

பெட்டியை வாசல் வராந்தாவுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஒரு தொம். சுத்தம். மறுபடி அறைக்குள். இரைச்சல்.

அவரை வாசிக்கச் சொல்லிவிட்டு நான் அறையைச் சுற்றினேன். ஜன்னல் கண்ணாடியில் கை வைத்தேன், இல்லை. சாமி படத்தைப் பிடித்தேன், இல்லை. கதவுக்கு மேலே பரண். கீழ்வீட்டிலிருந்து ஏற்றிய பாத்திரங்கள் சாக்கு போட்டு மூடியிருந்தன. ஸ்டூல் போட்டு ஏறிச் சாக்கை விலக்கினால், ஒரு பித்தளை அண்டா, அதற்குள் எவர்சில்வர் தட்டுகள், தட்டுமேல் கவிழ்த்து வைத்த ஆறு டம்ளர். கையை டம்ளர்மேல் வைத்தேன். ‘இப்ப அடிங்க’ என்றேன்.

தொம்.

‘அம்மா, இத எங்க வைக்கட்டும்?’ என்று கேட்டு டம்ளர்களை ஒவ்வொன்றாகக் கீழே கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒன்றேகால் சுற்றிலிருந்து ஆரம்பித்து அவர் தந்தியை மறுபடி பிடித்தோம். அவர் பெட்டிக்கு ஒரு சுற்று சரியாக வருகிறது. பென்சில் கோடு போட்டாயிற்று.